வகுப்பு எடுத்தே காலம் போய்விடுமா? பேரி ஹாரிஸை வைத்து ஒரு கேள்வி

நாலுரோட்டுக் கீபோர்டு
சனி, இரவு 11:40

வணக்கம். தருமபுரியில் 16 வருடமாகக் கீபோர்டு வகுப்பு நடத்துகிறேன். நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை, கீழே மளிகைக் கடை. முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவோடு ரிசப்ஷன், தை பிறந்தால் திருவிழாக் கச்சேரி. மற்ற நாளெல்லாம் பிள்ளைகள்தான்.

போன மாதம் பெங்களூரில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் பியானோ வாசிக்க ஆள் கேட்டார்கள். வாரம் 6 நாள், மாலை 7 முதல் 11 வரை. பணம் இங்கே வருவதைவிட நிச்சயம் கூடுதல். ஆனால் போனால் வகுப்பை மூட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றதற்கு, வேலையைச் சொல்லிவிட்ட நண்பர் சிரித்துக்கொண்டே, "வாசிக்கத் தெரிந்தவன் வாசிப்பான், மற்றவன் வகுப்பு எடுப்பான், நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் யூடியூபில் பேரி ஹாரிஸ் என்ற ஜாஸ் பியானோக்காரரின் வீடியோக்கள் கண்ணில் பட்டன. வயதானவர், பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் 30, 40 பேர். திட்டுகிறார், பாடிக் காட்டுகிறார், "இல்லை, மறுபடி" என்கிறார். என்னால் நிறுத்த முடியவில்லை. இவர் யார், வாசிப்பு எடுபடாமல் வாத்தியார் ஆனவரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓசூர் ஷிப்ட்
ஞாயிறு, காலை 7:15

அண்ணே, நைட் ஷிப்ட் முடித்து வந்த கையோடு எழுதுகிறேன். இவர் என் ஆள் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

பிறந்தது 1929 டிசம்பர் 15, டெட்ராய்ட். கார் தொழிற்சாலைகளின் ஊர், நம் ஓசூரைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. அம்மா தேவாலயத்தில் பியானோ வாசித்தவர், 4 வயதில் பிள்ளைக்கு அவரே ஆரம்பித்து வைத்தார். 1950களில் டெட்ராய்ட் இளைஞர்கள் பலருக்கு பேரியின் வீடுதான் பள்ளிக்கூடம். பிற்பாடு ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸுக்கு பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸ், சாக்ஸபோன் ஜோ ஹெண்டர்சன், சார்லஸ் மக்பெர்சன், ட்ரம்பெட் லோனி ஹில்லியர் எல்லோரும் அவரிடம் கற்றவர்கள். அவருக்கே அப்போது இருபது சொச்சம்தான் வயது. அதாவது வாசித்து ஓய்ந்து வாத்தியார் ஆனவர் இல்லை. இரண்டையும் ஒன்றாகவே ஆரம்பித்தவர்.

மக்பெர்சன் சொல்லும் கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். பையனாக ஒருநாள் ரேங்க் கார்டோடு பேரி வீட்டுக்குப் போயிருக்கிறார். எல்லாப் பாடத்திலும் நடுத்தர மதிப்பெண். பேரி வாங்கிப் பார்த்துவிட்டு, நீ சுமாரான பையன் போலிருக்கிறது, நீ வாசிக்க ஆசைப்படும் சங்கீதம் சுமாரானவர்களுக்கு வராது என்கிற மாதிரி சொன்னாராம். அன்றிலிருந்து மக்பெர்சன் புத்தகம் பக்கம் திரும்பினார். நம் ஊரில் மார்க் குறைந்தால் முதலில் நிற்பது கீபோர்டு வகுப்பு. அங்கே கீபோர்டு வாத்தியாரே ரேங்க் கார்டு பார்க்கிறார்!

1960இல் சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லியின் குழுவில் சேர்ந்து நியூயார்க் போனார். 1963 டிசம்பர் 21 அன்று ட்ரம்பெட்காரர் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' பதிவு. ஜாஸ் உலகில் அபூர்வமாக விற்றுத் தள்ளிய இசைத்தட்டு. அதில் பியானோ பேரி, டெனார் சாக்ஸ் ஜோ ஹெண்டர்சன். வீட்டுக்கு வந்து கற்றுப் போன பையன் பக்கத்தில் நின்று ஊதுகிறான், வாத்தியார் 10 நிமிடத்துக்கும் மேல் ஒரே பிடியைத் தேய்க்காமல் தட்டிக்கொடுக்கிறார். கேட்டால் எளிது போல இருக்கும். வாசித்துப் பாருங்கள், மூன்றாவது நிமிடத்தில் கை தானாகவே அலங்காரம் பண்ணப் போகும்.

மீதியை மாலையில் எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

---

தகடூரான்
ஞாயிறு, காலை 9:02

கதை நன்றாக இருக்கிறது. வாடகை யார் கொடுத்தார்கள் என்றும் எழுதுங்கள். தருமபுரியில் ஜாஸ் என்றால் பாதிப் பேர் ஏதோ செண்டுப் பெயர் என்று நினைப்பார்கள். கீபோர்டு சார், ஓட்டல் வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் 16 வருடத்துக்கு எந்தப் பிள்ளை ஓய்வூதியம் தரப்போகிறது?

---

எலத்தகிரி ஆர்கன்
ஞாயிறு, மதியம் 1:30

பூசை முடிந்து வந்து இதைப் படித்தேன். நான் 22 வருடமாகக் கோயிலில் வாசிக்கிறேன், எனக்கும் அம்மாதான் குரு. அவர் காலத்தில் காலால் மிதித்துக் காற்றடைக்கும் ஆர்மோனியம். அதனால் "தேவாலயத்தில் வாசித்த அம்மா" என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கீபோர்டு தம்பி, ஓட்டல் வரவேற்பறை வேலையைப் பற்றி ஒன்று. என் தங்கை மகன் ஒரு வருடம் அந்த மாதிரி ஓர் இடத்தில் வாசித்தான். சம்பளம் சரியாக வந்தது. ஆனால் வாசிக்கிறபோது யாரும் கேட்கக்கூடாது என்பதுதான் அந்த வேலையே. சத்தம் கொஞ்சம் கூடினால் மேனேஜர் வந்து கையைக் காட்டுவார். அவனுக்கு அது ஒத்துவரவில்லை, சிலருக்கு ஒத்துவரும். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. தெரிந்து போங்கள்.

---

ஓசூர் ஷிப்ட்
ஞாயிறு, மாலை 6:20

தகடூரான் சார் கேட்ட வாடகைக் கேள்வி நியாயமானது. பதிலைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். பன்னோனிகா என்று ஒரு சீமாட்டி, ராத்ஸ்சைல்ட் என்ற பணக்கார வங்கிக் குடும்பத்துப் பெண். நியூஜெர்சியில் வீஹாக்கன் என்ற ஊரில், ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க் தெரிகிற மாதிரி ஒரு வீடு. ஆளைவிடப் பூனைகள் அதிகம். அங்கேதான் பேரி தங்கினார். தெலோனியஸ் மாங்க், ஜாஸ் பியானோவின் பெரிய தலை, தன் கடைசி வருடங்களை அதே வீட்டில் கழித்தார். பியானோவைத் தொடுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். 1982இல் காலமானார். அதே வீட்டில் பேரியோ பியானோவை விடவே இல்லை. 1988இல் சீமாட்டி இறந்த பிறகும் பேரி அங்கேதான் இருந்தார்.

மாங்க் போன அதே 1982இல் நியூயார்க்கில் 'ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர்' என்று ஓர் இடத்தைத் திறந்தார். பகலில் வகுப்பு, இரவில் கச்சேரி, மது விற்பனை கிடையாது. 5 வருடம் ஓடி 1987இல் மூடியது. இடம் போனது, வகுப்பு போகவில்லை. வாடகைக்குக் கிடைத்த கூடங்களில் வாராவாரம் நடத்தினார், ஐரோப்பா, ஜப்பான் என்று சுற்றியும் நடத்தினார். 1989இல் அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் விருது வந்தது. கொரோனா வந்தபோது 90 வயதுக்காரர் ஜூமில் வகுப்பு எடுத்தார். 2021 டிசம்பர் 8 அன்று அந்தக் கொரோனாவே கொண்டுபோனது. 92 ஆக ஒரு வாரம் பாக்கி.

---

தகடூரான்
ஞாயிறு, மாலை 6:41

ஆக, சீமாட்டி வீட்டில் வாடகை இல்லாமல் இருந்தால் நானும் வகுப்பு எடுப்பேன். நம்ம கீபோர்டு சாருக்கு எந்தச் சீமாட்டி?

---

எலத்தகிரி ஆர்கன்
ஞாயிறு, மாலை 6:55

பெயரைத் தகடூரான் என்று வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறீர்களே! நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தவன் உங்கள் ஊர்க்காரன்தானே?

---

தகடூரான்
ஞாயிறு, மாலை 7:10

அக்கா, நெல்லிக்கனிதான் கொடுத்தான். கரண்டு பில் கட்டினானா?

(சரி, இதற்கு மேல் பேசவில்லை. வீட்டில் சிரிக்கிறார்கள்.)

---

ரெண்டரைக் கட்டை
ஞாயிறு, இரவு 8:30

வாழ்க்கைக் கதை போதும். அவர் சொல்லிக் கொடுத்தது என்ன என்று யாரும் எழுதவில்லையே. நான் பாட்டு வாத்தியார், கர்நாடக வழி. கீபோர்டு தம்பி சொன்ன வீடியோக்களில் ஒன்றைப் பார்த்தேன், அவர் ஒரு சுர வரிசையில் சின்னது, பெரியது என்று இரண்டு தைவதத்தையும் ('த' சுரம்) அடுத்தடுத்து வைக்கிறார். எட்டுச் சுரம். சங்கராபரண ராகத்தில் சின்ன தைவதம் எங்கிருந்து வந்தது? காதில் உறுத்துகிறது.

---

நாலுரோட்டுக் கீபோர்டு
ஞாயிறு, இரவு 10:05

சார், இதற்குத்தான் காத்திருந்தேன். நான்கு நாளாக இதே வேலையாக இருக்கிறேன். புரிந்த அளவில் சொல்கிறேன், ஓசூர் தம்பி திருத்தட்டும்.

ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சி-யை ஷட்ஜமாக வைத்தால், அவர் வரிசை ச ரி2 க3 ம1 ப த1 த2 நி3. த1 சின்ன தைவதம், த2 பெரியது. ராகமாகப் பார்த்தால் உறுத்தத்தான் செய்யும், அவர் அதை ராகமாக வைக்கவில்லை. கணக்குக்காக வைக்கிறார். ஏழு சுரத்தை வேகமாக இறக்கிக்கொண்டே வந்தால், முதல் சுற்றில் தாளத் தட்டில் விழுந்த ஷட்ஜம் அடுத்த சுற்றில் தட்டுக்கு நடுவில் விழும். பிள்ளைகளுக்கு நான் சொல்வது, எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே போவது மாதிரி. ஒரு சுரம் கூட்டிவிட்டால் பெஞ்சு நிறைந்துவிடும். ச நி த2 த1 ப ம க ரி என்று இறக்குங்கள். தட்டில் விழுவது ச, த2, ப, க. இடையில் விழுவது நி, த1, ம, ரி. எத்தனை சுற்று இறக்கினாலும் மாறாது.

இப்போது இதைக் கார்டாக, அதாவது ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தும் சுரங்களாகப் பாருங்கள். தட்டில் விழும் நாலும் சேர்ந்தால் சி சிக்ஸ்த். இடையில் விழும் நாலும் சேர்ந்தால் பி டிமினிஷ்டு. வரிசைக்குள் இருப்பது இந்த இரண்டே கார்டுதான், ஒன்று மாற்றி ஒன்று. வீட்டுக்கு வருவது ஒன்று, வெளியே போவது ஒன்று. 16 வருடமாக நான் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு அது மாறும்வரை காத்திருந்தேன். இவர் கார்டே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறார். நேற்று ஒரு பழைய மெலடியை இடது கையில் இப்படி நடக்கவிட்டேன். கீழே மளிகைக் கடை அண்ணாச்சி மேலே வந்து, என்ன புதுசா இருக்கு என்று கேட்டார். ரேடியோவைத் தவிர எதையும் கவனிக்காத மனிதர்.

---

எலத்தகிரி ஆர்கன்
ஞாயிறு, இரவு 10:40

ச க ப த-வைத் தைவதத்திலிருந்து அடுக்கினால் த ச க ப. அது ஏ மைனர் செவன்த். ஆக நாங்கள் ஞானப்பாட்டில் தினமும் பிடிப்பதுதான், பெயர் வேறு. ஆனால் நடுவில் அந்த டிமினிஷ்டு வைத்து ஏறுவது... ராத்திரி பத்தரைக்கு ஹெட்போன் போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் விளக்கை அணை என்கிறார்.

---

ஓசூர் ஷிப்ட்
திங்கள், காலை 7:30

அண்ணே திருத்த ஒன்றுமில்லை, பெஞ்சு உதாரணத்தைச் சுட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் கெடட்டும். பன்னிரண்டு சுரத்தில் டிமினிஷ்டு கார்டு மொத்தமே மூன்றுதான். அதில் ஒன்று நி ரி ம த1. இந்த நாலில் ஏதாவது ஒன்றை மட்டும் அரைக் கட்டை இறக்குங்கள். தைவதத்தை இறக்கினால் ஜி செவன்த். நிஷாதத்தை இறக்கினால் பி ஃப்ளாட் செவன்த். ரிஷபத்தை இறக்கினால் டி ஃப்ளாட் செவன்த். மத்யமத்தை இறக்கினால் ஈ செவன்த். நாலும் அண்ணன் தம்பி, ஒருவர் இடத்தில் இன்னொருவர் வரலாம் என்பார். இதை அவர் குடும்பக் கதையாகவே சொல்வார். பன்னிரண்டு சுரமும் சேர்ந்தது கடவுள். அதிலிருந்து இரண்டு முழுக்கட்டை வரிசைகள் (ஒரு சுரம் விட்டு ஒரு சுரம்), ஆணும் பெண்ணும். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள், அதுதான் மூன்று டிமினிஷ்டு. எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு பிள்ளையிலும் அப்பாவிடமிருந்து இரண்டு சுரம், அம்மாவிடமிருந்து இரண்டு சுரம்.

---

ரெண்டரைக் கட்டை
திங்கள், காலை 10:12

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பார்க்கர், பட் பவல், மாங்க் இவர்களுடைய பீபாப் என்ற 1940களின் ஜாஸ் பாணிதான் சங்கீதம் என்று 70 வருடம் ஒரே இடத்தில் நின்ற மனிதர் இவர் என்று படிக்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்படி நின்றால் "பழைய பாடாந்தரம்" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஜாஸில் புதிது பண்ணாதவனை எப்படி மதிப்பார்கள்? இதே ஜாஸ் பியானோவில் விஜய் ஐயர் இருக்கிறாரே. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்தவர், சின்ன வயதில் வயலின், பியானோ தானாகக் காதால் கற்றது, கணிதமும் இயற்பியலும் படித்தவர், 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். பிரசன்னாவின் கிட்டார், நிதின் மிட்டாவின் தபலாவோடு 'தீர்த்தா' என்ற ஆல்பம் போட்டார். அவரைப் பற்றி இழை போட்டிருந்தால் நமக்கு ஒட்டும்.

---

ஓசூர் ஷிப்ட்
திங்கள், மாலை 5:50

விஜய் ஐயரை எனக்கும் பிடிக்கும் சார். அவருடைய 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பம் வந்ததிலிருந்து கேட்கிறேன். ஆனால் இந்த இழையின் கேள்விக்கு அவர் பதில் இல்லை. ஹார்வர்டு அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. பேரியின் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. முதல் வாரம் பியானோவைத் தொட்டவனும், இரவு மேடையில் வாசிக்கப் போகிறவனும் ஒரே வரிசையில். பாட்டுக்காரர்களும் அங்கேதான், கிட்டாரும் அங்கேதான். நான் பார்த்தவரை அந்த வீடியோக்களில் அவர் முன்னால் நோட்ஸ் இல்லை. யாரோ ஒருவர் தப்பாக வாசிப்பார், அதிலிருந்து அன்றைய பாடம் கிளம்பும்.

ஒரே இடத்தில் நின்றார் என்பது உண்மை. என் கட்சியில் அது குறை இல்லை, உங்களுக்கு அப்படித் தோன்றினால் சண்டைக்கு வர மாட்டேன்.

---

கூத்துப் பேரன் பென்னாகரம்
திங்கள், இரவு 9:20

நான் இந்தப் பக்கம் எழுதுகிற ஆள் இல்லை, படித்துவிட்டுப் போகிறவன். ஜாஸ் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதுவது எல்லாம் எங்கள் தாத்தா திண்ணை மாதிரியே இருக்கிறது.

தாத்தா கூத்து ஜமாவில் பெட்டி வாசித்தார். ஆர்மோனியப் பெட்டி. பாரதக் கூத்து என்றால் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும். வேஷக்காரர் எந்தக் கட்டையில் விருத்தம் எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. குரல் நன்றாக இருக்கிற அன்று ஒரு கட்டை, பனி பிடித்த அன்று ஒரு கட்டை. எடுத்த வாய் மூடுவதற்குள் பெட்டி அங்கே போய் நிற்க வேண்டும். முந்தினால் வேஷக்காரர் முறைப்பார், பிந்தினால் ஜனம் சிரிக்கும். ஓசூர் அண்ணன் முதலில் எழுதினாரே, அலங்காரம் பண்ணாமல் ஒரே பிடியைப் பிடித்துக்கொண்டு இருப்பது, அதுதான் பெட்டிக்காரன் வேலை. தாத்தா "பெட்டி தெரியக் கூடாது, நின்னா மட்டும் தெரியணும்" என்பார்.

கூத்து இல்லாத மழைக்காலத்தில் திண்ணையில் நாலைந்து பையன்கள் இருப்பார்கள். காசு கிடையாது. ஒருவன் மாட்டுக்குத் தண்ணி காட்டுவான், ஒருவன் விறகு பிளப்பான். யாராவது தப்பாக வாசித்தால் தாத்தா எழுந்து வரமாட்டார், உள்ளே சாப்பிட்டுக்கொண்டே "ம்ஹும்" என்பார். அந்த ஒரு ம்ஹும்தான் பாடம். அந்தப் பையன்களில் ஒருவர் இன்றைக்கு ஒரு ஜமாவுக்கு வாத்தியார். எங்கள் அப்பா கற்றுக்கொள்ளவில்லை, நானும் இல்லை. பெட்டி பரணில் இருக்கிறது.

---

எலத்தகிரி ஆர்கன்
திங்கள், இரவு 9:45

தம்பி, பெட்டியைப் பரணில் வைக்காதீர்கள். துருத்தியை எலி கடித்துவிடும். முதலில் அதை இறக்குங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

---

ரெண்டரைக் கட்டை
திங்கள், இரவு 10:15

பென்னாகரம் தம்பி, இந்த இழையில் எனக்குப் பிடித்த பதிவு உங்களுடையது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். மயிலாப்பூரில் லாட்ஜ் அறையில் குடியிருந்துகொண்டு மேல்நாட்டுச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். அங்கே வந்தவர்களில் ஒருவர் இளையராஜா. மாஸ்டர் வாசித்த தட்டு எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் அவர் கை கேட்கிறது.

கீபோர்டு தம்பி, இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு இளையராஜா வருவான் என்று நினைத்து வகுப்பு நடத்தினால் ஏமாந்து போவீர்கள். என்னிடம் 30 வருடத்தில் வரவில்லை.

---

தகடூரான்
செவ்வாய், காலை 8:05

எல்லோரும் நெகிழ்ந்துவிட்டீர்கள், சரி. ஓட்டல்காரனுக்கு என்ன பதில் சொன்னார் என்று யாராவது கேட்டீர்களா?

---

நாலுரோட்டுக் கீபோர்டு
செவ்வாய், இரவு 10:50

சொல்கிறேன் சார். வெள்ளி, சனி இரண்டு நாள் மட்டும் என்றால் வருகிறேன் என்று கேட்டேன். ஒப்புக்கொள்ளவில்லை, ஆறு நாள் என்றால் ஆறு நாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெருமையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது கால் கொஞ்சம் நடுங்கியது. மகன் அடுத்த வருடம் கல்லூரி. அதனால் மெல்லிசைக் குழுவையும் விடப்போவதில்லை, முகூர்த்தம் வந்தால் ரிசப்ஷனில் அதே பாட்டுகள்தான்.

ஆனால் வகுப்பில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். இத்தனை வருடமாகப் பிள்ளைகள் முன்னால் நான் முழுதாக ஒரு பாட்டு வாசித்ததே இல்லை. விரல் எண் சொல்வேன், அடுத்த பக்கம் திருப்புவேன், அவ்வளவுதான். என் நண்பர் சொன்னது சுட்டதற்குக் காரணமே அதுதான் என்று இந்த நாலு நாளில் புரிந்தது. பேரி வகுப்பில் அவர் கை சும்மா இருப்பதே இல்லையே. நேற்றிலிருந்து வகுப்பில் முதல் 10 நிமிடம் நான் வாசிக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "சார், உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டது. கிண்டல் இல்லை, உண்மையான ஆச்சரியம்!

இன்னொன்று. மாதத்தில் கடைசி ஞாயிறு மாலை 4 மணிக்கு அறையைத் திறந்து வைக்கப்போகிறேன். கட்டணம் கிடையாது. எந்த வாத்தியமும் வரலாம், பாடுகிறவர்களும் வரலாம். ஓசூர் தம்பி ஷிப்ட் பார்த்து வரவேண்டும். ரெண்டரைக் கட்டை சார் வந்து இரண்டு தைவதத்தைத் திட்டலாம்.

---

தகடூரான்
செவ்வாய், இரவு 11:02

டீச்செலவு என்னுடையது. சீமாட்டி என்று யாரும் கூப்பிடக் கூடாது.

---

எலத்தகிரி ஆர்கன்
புதன், காலை 6:40

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து பஸ் பிடித்தால் சரியாக இருக்கும். கிருஷ்ணகிரிக்கு ரயில் விட்டிருந்தால் இன்னும் வசதி, அதை நம்பினால் நான் அடுத்த ஜென்மத்தில்தான் வருவேன். அங்கே எத்தனை கீபோர்டு இருக்கிறது? என்னுடையதைத் தூக்கிவர வேண்டுமா?

---

நாலுரோட்டுக் கீபோர்டு
புதன், காலை 7:10

மூன்று இருக்கிறது அக்கா, ஒன்றில் மேல் ஷட்ஜம் வேலை செய்யாது. அடாப்டர் மட்டும் கொண்டு வாருங்கள்.

---

கூத்துப் பேரன் பென்னாகரம்
வியாழன், இரவு 8:30

பெட்டியை இறக்கிவிட்டேன். அக்கா சொன்னது சரி, துருத்தியில் ஒரு ஓட்டை, சைக்கிள் பஞ்சர் பட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். சத்தம் வருகிறது. ஆனால் என் போனில் இருக்கும் சுருதிப் பெட்டியோடு வைத்துப் பார்த்தால் ஒரு கட்டையிலும் இல்லை, அரைக் கட்டையிலும் இல்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. இப்படி இருந்தால் உங்களோடு சேருமா? நான் வாசிக்கப்போவதில்லை. தாத்தாவிடம் கற்ற அந்த வாத்தியாரைக் கேட்டேன், வருகிறேன் என்றார்.

---

நாலுரோட்டுக் கீபோர்டு
வியாழன், இரவு 8:52

எடுத்து வாங்க தம்பி. கீபோர்டில் சுருதியை நகர்த்த மாஸ்டர் ட்யூன் இருக்கிறது, பெட்டி எங்கே நிற்கிறதோ அங்கே நாங்கள் வருகிறோம்.